நடு வளவு வாட்ஸ்அப் குழு: ஆட்டுக்கொட்டகைக் காய்ச்சலுக்கு எந்த பிசிஆர்?

*தெய்வானை, காலை 7:12*
ஆச்சி, தேவகோட்டைத் தோப்புல ஆடு பாக்குறவருக்கு மூணு வாரமாக் காய்ச்சல். பொழுது சாய்ஞ்சா ஏறுது, வேர்த்துக் கொட்டுது, இடுப்பு வலி வேற. டெங்கு, டைபாய்டு, மலேரியா எதுவும் இல்ல. ரத்தக் கல்ச்சர், அதான் ரத்தத்துல கிருமி வளருதான்னு, அஞ்சு நாள் வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் வளரலன்னுட்டாங்க. கிருமி டிஎன்ஏவைப் பெருக்கிப் பாக்குற பிசிஆர் டெஸ்ட்ல 16எஸ்னு ஒண்ணு போட்டா எந்தக் கிருமின்னாலும் தெரிஞ்சிருமாமே, போட்டுரலாமா?

*உமையாள் ஆச்சி, 7:20*
ரத்தத்துல 16எஸ் வேண்டாம், காசுக்குப் பிடிச்ச கேடு. அது எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொதுவான ஜீன், சுமார் 1500 எழுத்து நீளம். இந்த மாதிரிக் காய்ச்சல்ல ரத்தத்துல கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும், மனுஷ டிஎன்ஏ மலையாக் கெடக்கும். பத்தாததுக்கு டெஸ்ட் கிட்லயே ஒட்டியிருக்கிற ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் மாதிரி வேற பாக்டீரியா எல்லாம் பெருகி வந்து நிக்கும். இதய வால்வு, மூட்டு நீர், ஊசி போட்டு எடுத்த சீழ், அதுக்கெல்லாம் 16எஸ் நல்லா வேலை செய்யும்.
அது கெடக்கட்டும். ஆடு குட்டி வீசுச்சா, கரு கலைஞ்சு விழுந்துச்சா?

*தெய்வானை, 7:24*
ரெண்டு வீசிருச்சு. நஞ்சுக்கொடியை அவர்தான் வெறுங்கையால எடுத்துப் போட்டார். பாலும் பச்சையாவே குடிப்பாராம்.

*உமையாள் ஆச்சி, 7:31*
இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். ஆட்டுலேர்ந்து மனுஷனுக்கு ஒட்டுற பாக்டீரியா, புருசெல்லா, இல்லாட்டி காக்ஸியெல்லா. ரெண்டுக்கும் தனித்தனி பிசிஆர் கேளு. தேட வேண்டிய டிஎன்ஏ பகுதி, புருசெல்லாவுக்கு பிசிஎஸ்பி31 அல்லது ஐஎஸ்711, காக்ஸியெல்லாவுக்கு ஐஎஸ்1111. ஐஎஸ் வகை ரெண்டும் ஒரே கிருமிக்குள்ள பல நகலா இருக்கும், அதனால கிருமி கம்மியா இருந்தாலும் மாட்டும்.
காக்ஸியெல்லா ரத்தத்துல மொத ரெண்டு வாரந்தான் நல்லாத் தெரியும். மூணு வாரம் ஆச்சுல்ல, பிசிஆர் நெகட்டிவ்னு வந்தா அதை வச்சு விட்டுராதே. சீரம், அதான் ரத்தம் உறைஞ்சதும் பிரியற தெளிநீர், இப்ப ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு ஒண்ணு. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி நாலு மடங்கு ஏறுதான்னு பாக்கணும். காக்ஸியெல்லா கல்ச்சர் பாட்டில்ல வளரவே வளராது. புருசெல்லா வளரும், ஆனா மெதுவா.

*மீனாட்சி (லேப்), 7:40*
பிசிஆருக்கு ரத்தம் உறையாம வைக்கிற ஈடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாய் தெய்வான, கோடு வரைக்கும் ரத்தம். கொறச்சு எடுத்தா ஈடிடிஏ மிஞ்சிப் போய் பிசிஆரைக் கெடுக்கும். எடுத்ததும் எட்டு பத்து தடவை மெதுவாத் திருப்பணும், குலுக்கக் கூடாது. பச்சை மூடி வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற ஹெப்பாரின், பிசிஆர்ல டிஎன்ஏவைப் பெருக்குற பாலிமரேஸ் நொதியை நிறுத்திரும். கல்ச்சர் பாட்டில்ல மிச்சம் இருக்கிறதை அனுப்புறதும் சரிப்படாது, அதுல ரத்தம் உறையாம இருக்கப் போட்ட எஸ்பிஎஸ்ஸும் அதே வேலையத்தான் பண்ணும். சீரத்துக்கு மஞ்சள் மூடி.
ஐஸ் பெட்டியில 4 டிகிரி. ஐஸ் குழாய்மேல நேரா படக் கூடாது, உறைஞ்சா சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபின் கலந்துரும். அப்புறம் டெஸ்ட் ஒழுங்கா ஓடுதான்னு காட்டுற உள் கன்ட்ரோலே ஏறாது. கன்ட்ரோல் ஏறாத நெகட்டிவ் நெகட்டிவே இல்ல. டிஎன்ஏவைப் பத்துல ஒண்ணாக் கரைச்சு மறுபடி ஓட்டச் சொல்லணும்.

*சொக்கு அம்மான், 7:52*
ரத்தம் எடுக்குற வரைக்கும் டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுக்காதீங்க. கல்ச்சர் இன்னொருக்கா ரெண்டு செட் போடுங்க, பாட்டிலுக்கு 8–10 மிலி. புருசெல்லா சந்தேகம்னு பாட்டில்லயே எழுதுங்க. சொல்லாம அனுப்பினா வெறும் மேசைமேல வச்சே கிருமி வளர்ற தட்டைத் திறப்பாங்க, கிருமி காத்துல போய் லேப் ஆளுக்கே ஒட்டிக்கும். கிருமி பேரு சொல்ற மெஷினும் சில நேரம் புருசெல்லாவை அதோட நெருங்கின சொந்தமான ஆக்ரோபாக்ட்ரம்னு பேரு மாத்திச் சொல்லும்.
இடுப்பு வலின்னா முதுகெலும்பு டிபியையும் பாருங்க. அதைப் பாக்காம ரிஃபாம்பிசின் ஆரம்பிச்சா டிபி பாதி அமுங்கிக் கெடக்கும், பின்னால தடுமாறணும்.

*கண்ணாத்தா, 7:58*
சாயங்காலம் கோயிலுக்குப் பூ யார் எடுத்துட்டு வர்றா?

*தெய்வானை, 8:01*
நான் ஆச்சி. அம்மான், நாய் கடிச்சு இப்படிக் காய்ச்சல் வந்தா?

*உமையாள் ஆச்சி, 8:06*
அது வேற ஜாதி. கேப்னோசைட்டோஃபாகான்னு ஒரு கிருமி நாய் எச்சில்ல இருக்கு. மண்ணீரல் எடுத்தவங்க, ரொம்பக் குடிக்கிறவங்களுக்கு ஓரிரு நாள்லயே ரத்தம் கெட்டு உயிருக்கு ஆபத்து. பிசிஆருக்குக் காத்திருக்கக் கூடாது, மருந்து உடனே. கிருமி மெதுவா வளர்றதால பேரு தெரியறதுக்கு 16எஸ் உதவும். புருசெல்லாவுல அது ஜீனஸோட, அதாவது பேரினத்தோட நின்னுரும், அதுக்குள்ள எந்த இனம், மெலிடென்சிஸா அபார்ட்டஸான்னு 16எஸ் வரிசை பிரிச்சுக் காட்டாது.

*முத்து அண்ணன் (கால்நடை), 8:15*
வீசின ஆட்டுல ரத்தம் எடுத்து வைம்மா, புருசெல்லா ஆன்டிபாடிக்கு ரோஸ் பெங்கால் டெஸ்ட் பாத்துரலாம். அடுத்தது வீசினா நஞ்சுக்கொடியில ஒரு துண்டு, முகக்கவசம், கையுறை போட்டு. ஃபார்மலின்ல போட்டுராதே, டிஎன்ஏ துண்டு துண்டாயிரும். மீதியைச் சுண்ணாம்பு போட்டு நாய் தோண்டாத ஆழத்துல புதைங்க. கர்ப்பமா இருக்கிறவங்க யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம்.

*தெய்வானை, 8:19*
மருந்து முடிச்சப்புறம் பிசிஆர் திரும்பப் போடணுமா?

*சொக்கு அம்மான், 8:22*
அவசரப்படாதீங்க. புருசெல்லாவுக்கு ஆறு வாரம் மருந்து, ஆள் தேறின பிறகும் மாசக்கணக்குல பாசிட்டிவ் காட்டும். காய்ச்சல், எடை, வலி இதைப் பாருங்க. ஃபாரத்துல 'ஆட்டுப் பண்ணை, குட்டி வீச்சு, பச்சைப் பால்'னு எழுத மறந்துறாதீங்க.