லாபத்தில் பங்கு கேட்கிறார்கள். முதலில் எதை லாபம் என்று வைப்பது?

வேலம்பாளையத்தான்:

திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன். குழந்தைகள் டி-சர்ட், ஜாப் ஒர்க் மட்டும், அதாவது பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்காரர்கள், செக்கிங், கைமடி, அயர்ன் எல்லாம் சேர்த்து 18 பேர். தீபாவளிக்கு 10 சதவீதம் போனஸ், ஒரு ஸ்வீட் பாக்ஸ். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

இந்தத் தடவை ஓவர்லாக் அக்கா ஒருத்தர் நேராகவே கேட்டுவிட்டார். "ஏனுங்ணா, ஆர்டர் இல்லைன்னா எங்களுக்கு வேலை இல்லைன்னு அனுப்பிச்சுடறீங்க. ஆர்டர் நல்லா ஓடுனா மட்டும் அது உங்க லாபமுங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

போன வருஷக் கணக்கு இது. வாடகை, கரண்ட், பேங்க் வட்டி, மெஷின் தேய்மானம் எல்லாம் போக, போனஸ் கொடுப்பதற்கு முன்னால் 9 லட்சம் நின்றது. ஆட்களுக்கு வருஷக் கூலி மொத்தம் 28 லட்சம். அந்த 9 லட்சத்தில் என் உழைப்புக்கு ஒரு பைசா எழுதவில்லை. மெஷினில் என் சொந்தப் பணம் 12 லட்சம் கிடக்கிறது, அதற்கும் எழுதவில்லை. அப்புறம் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடம் பில் பணம் வர 90 நாள் இழுக்கிறது. லாபம் நோட்டில் இருக்கும், கல்லாவில் இருக்காது. பங்கு கொடுக்க மனசு இருக்கிறது, எதிலிருந்து பங்கு என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. டீ நேரத்தில் கிண்டல் செய்கிறார்கள். பெண்களுக்கு அரசு கொடுக்கும் உரிமைத் தொகை மாசம் 15-ஆம் தேதி வாக்கில் அக்கவுண்டில் ஏறிவிடுகிறது. "கவர்மெண்டே மாசாமாசம் ஆயிரம் கொடுக்குது, நீங்க வருஷத்துக்கு ஒருக்கா" என்கிறார்கள். கவர்மெண்ட் கடன் வாங்கினால் பட்ஜெட், நான் வாங்கினால் ஜப்தி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அரசுக்கு இதெல்லாம் தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுக் கணக்கர்:

ஆடிட்டர் ஆபீஸில் வேலை என்பதால் முதல் பாதிக்கு நான். இந்தக் கணக்கை 1965 போனஸ் சட்டமே போட்டு வைத்திருந்தது. பெயர்தான் போனஸ், உள்ளே இருப்பது லாபப் பங்கு. வருஷக் கூலியில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் 20. ஆரம்பத்தில் குறைந்தபட்சம் 4 சதவீதம்தான் இருந்தது. பிறகு 8.33 ஆக்கினார்கள், எமர்ஜென்சியில் திரும்ப 4-க்கு இறக்கினார்கள், அந்த ஆட்சி போனதும் பழையபடி ஏறியது.

உங்கள் எண்களை அந்த முறைப்படி போடுகிறேன். 9 லட்சத்தில், போட்ட முதலுக்கு 8.5 சதவீதம் கழிக்கலாம், அது 1,02,000. முதலாளியே வேலை பார்த்தால் அவருக்கென்று வருஷத்துக்கு 48,000 வரை கழிக்கலாம். (மாதம் 4,000! சட்டம் எழுதிய காலத்து விலைவாசி அப்படி.) மீதி 7,50,000. அதில் 60 சதவீதம் ஆட்களுக்கு ஒதுக்க வேண்டிய தொகை, 4,50,000. 28 லட்சம் கூலிக்கு அது சுமார் 16 சதவீதம். வருமான வரி கழித்தால் கொஞ்சம் இறங்கும். நீங்கள் கொடுத்தது 10.

பழைய சட்டத்தில் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே போனஸ் கட்டாயம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் 20 பேர் என்று வைத்துவிட்டார்கள். 18 பேரை வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இனி மனசாட்சிதான் சட்டம். உங்கள் வருஷச் சம்பளத்தை 48,000-க்குப் பதில் நியாயமாக 3 லட்சம் என்று எழுதினாலும் கிட்டத்தட்ட 3 லட்சம் பங்குக்கு வரும். அப்போதும் 10-ஐ விடக் குறையாது.

செக்கிங் டேபிள்:

நான் 11 வருஷமாக செக்கிங். சதவீதத்தை விடுங்கள், போனஸ் கவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வரிசையில் நிற்போம். கவர் மேல் பென்சிலில் ஒரு எண் இருக்கும். அதை அடித்து, கீழே இன்னொரு எண் எழுதியிருக்கும். பொண்ணு ஸ்கூல் பீஸுக்கு வாங்கிய அட்வான்ஸ் கழித்தது. மேல் எண் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. "போன வருஷத்தை விட 500 சேர்த்துத்தான் போட்டிருக்கு" என்பார்கள். எதற்கு 500? ஏன் 700 இல்லை? கேட்டால் முகம் மாறும். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் கீழே வேலை செய்தவர்களுக்கு அந்தக் கவரும் இல்லை. அதே மெஷின், அதே கூரை, ஆனால் ரிஜிஸ்டரில் பெயர் கிடையாது.

அந்த அக்கா கேட்டது 16-ஆ 10-ஆ என்று இல்லைங்க. உங்கள் கணக்கை இங்கே முகம் தெரியாத எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அதே கணக்கை உங்கள் ஷெட்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டினீர்களா? பில் 90 நாள் இழுப்பதும் அவர்களுக்குத் தெரியட்டும். தெரிந்தால் பாதியை இப்போதும் பாதியைப் பொங்கலுக்கும் வாங்கிக்கொள்வார்கள்.

மங்கலம் தறிக்காரன்:

நான் விசைத்தறி. பாவு நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, தறி என்னுடையது, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்கு என்ன லாபம் என்று எங்களுக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று அமைச்சர்கள் முன்னால் பேசி முடித்தோம். அதைக் கொடுக்கச் சொல்லி 2022 ஜனவரியில் தறியை நிறுத்த வேண்டி வந்தது.

அரசு செலவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது, 2023-ல் 1,000 ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் பாதித் தறி எடைக்குப் போயிருக்கும். ஆனால் கூலி பேச உட்காரும்போது "உங்களுக்குத்தான் கரண்ட் சும்மா வருதே" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வார்த்தை. அரசு கொடுக்கும் சலுகை என் கை வழியாக அவர் கைக்குப் போகிறது. பேரம் பேசும் பலம் இல்லாதவனுக்கு எந்த மானியம் கொடுத்தாலும் இப்படித்தான் ஒழுகும். ஒப்பந்தக் கூலியைச் சட்டமாக்குங்கள் என்று நாங்கள் கேட்பது அதனால்தான். அதற்குக் கஜானாவில் இருந்து பத்து பைசா செலவில்லை.

கோபி பென்ஷனர்:

அரசுக்குத் தாங்குமா என்பதற்கு நான். உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குத் தொடங்கியது. ஆளுக்கு வருஷம் 12,000 என்றால் 12,700 கோடி சொச்சம். மாநிலத்தின் கடன் 2026 மார்ச்சில் 9.3 லட்சம் கோடியைத் தொடும் என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். ஆயிரம் ரூபாயால்தான் கடன் என்பது பொய். மாநில நிதி நிலை பற்றிய 2021 வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னபோது இந்தத் திட்டமே கிடையாது.

நான் பார்ப்பது வேறு. கடன் வாங்கி அத்திக்கடவு–அவினாசி குழாய் பதித்தால் ஏரி குளத்தில் தண்ணீர் நிற்கும், கடன் அடைக்க ஒரு வழி பிறக்கும். வருஷா வருஷம் வருவாய்ப் பற்றாக்குறையை அடைக்கக் கடன் வாங்குவதுதான் ஆபத்து. உங்கள் பட்டறையில் மெஷினுக்கு லோன் எடுப்பதும் கூலி கொடுக்க லோன் எடுப்பதும் ஒன்றா? விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்றால் நம் ஊரில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மின் கட்டணம் ஏற்றியதற்கே மாட்டு வண்டி பூட்டிப் போராடிய ஊர் இது. பொம்பளைகளுக்கு ஆயிரம் என்றால் மட்டும் எல்லோரும் பொருளாதார நிபுணர் ஆகிவிடுகிறார்கள்.

வேலம்பாளையத்தான்:

எல்லோருக்கும் நன்றிங்க. தாள் ஒட்டுகிறேன். வருஷ வரவு, வாடகை, வட்டி, என் சம்பளம் 3 லட்சம், மீதி, அதில் 60 சதவீதம். எந்தப் பார்ட்டி என்ன ரேட் கொடுத்தார் என்பதை மட்டும் எழுத மாட்டேன், பக்கத்து ஷெட்காரர் அதை வைத்தே ஆர்டரைப் பிடுங்கிவிடுவார். பீஸ் ரேட் ஆட்களுக்கும் ஷிப்ட் ஆட்களுக்கும் எப்படிப் பிரிப்பது?

ஈரோட்டுக் கணக்கர்:

அவரவர் வருஷத்தில் வாங்கிய கூலிக்கு ஒரே சதவீதம். வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே பங்கு உண்டு, தீபாவளிக்கு முன்னால் நின்றுபோனவர்களையும் சேருங்கள்.

செக்கிங் டேபிள்:

அட்வான்ஸைக் கவரில் பிடிக்காதீங்கண்ணா. மாசாமாசம் பிடிச்சுக்கங்க.