வீக்கம், உறையாத இரத்தம், தூக்க முடியாத தலை: பேத்தோஃபிசியாலஜி படித்த அனுபவங்கள்

மன்னார்குடிப் பக்கத்து மாணவி:

தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்த புதிதில் என்னை மிகவும் மிரட்டியது, நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் அட்வான்ஸ்டு பேத்தோஃபிசியாலஜி என்னும் பாடம்தான். பி.எஸ்சி. நர்சிங்கில் காரணம், அறிகுறி, சிகிச்சை, பராமரிப்பு என்று நான்கு தலைப்பிட்டு மனப்பாடம் செய்தே தேறிவந்தவள் நான். இங்கோ கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னால் போதாது. அந்த நீர் எங்கிருந்து கசிந்தது, ஏன் திரும்பிப் போகவில்லை, சிறுநீரக நோயாளியின் வீக்கமும் யானைக்கால் நோயாளியின் வீக்கமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்லியாக வேண்டும்.

பழைய பாடம் எனக்குத் தெரியும். மயிரிழை போன்ற இரத்தக் குழாயான தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் முதலிய புரதங்கள் ஏறத்தாழ 25 மி.மீ. பாதரச அளவுக்கு அதை உள்ளே இழுக்கின்றன. 1896இல் உடலியங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கிய இந்த இழுபறியின்படி தமனி முனையில் வெளியேறும் நீரில் பெரும்பகுதி சிரை முனையில் திரும்பிவிடுகிறது என்றும், மிச்சம் மீதியைத்தான் திசுக்களின் வடிகால்களான நிணநாளங்கள் அள்ளிச் செல்கின்றன என்றும் நாங்கள் படித்திருந்தோம். மேல்படிப்பில் அது மாறிப்போயிருந்தது. லெவிக், மிஷெல் என்னும் உடலியங்கியல் ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையின்படி, சீரான நிலையில் பெரும்பாலான திசுக்களில் சிரை முனையில் நீர் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. கசிந்த நீரைத் திருப்பிக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பெரிதும் நிணநாளங்களுடையதே.

இதை ஒரு விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்து, எங்கள் ஐந்து மா சம்பா நடவும் முழுகிக் கிடந்தது. மேலே வாய்க்கால் மதகை அடைத்துவிட்டார்கள். புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் வயலில் நின்ற நீர் இறங்கவில்லை, ஏனென்றால் கீழே வடிகாலை வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருந்தன. "தண்ணி வைக்கிறது பெரிசில்லம்மா, வடிக்கிறதுதான் பெரிசு" என்று அப்பா சொன்னபோது, புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பெரிய அத்தைக்கு முப்பது ஆண்டுகளாக யானைக்கால் உண்டு. க்யூலெக்ஸ் கொசு கொண்டுவந்து சேர்க்கும் ஃபைலேரியா புழுக்கள் ஆண்டுக்கணக்கில் நிணநாளங்களில் குடியிருந்து அவற்றை விரித்துக் கெடுத்துவிடுகின்றன. புழு செத்த பிறகும் அந்த வடிகால் பழைய நிலைக்கு வருவதில்லை. தேங்குவது வெறும் நீராக இருந்தால் பரவாயில்லை. புரதம் மிகுந்த நீர் என்பதால் நாளடைவில் திசு தடித்து, விரலால் அழுத்தினால் குழிகூட விழாத அளவுக்குக் கெட்டிப்படுகிறது. அத்தை பல காலமாக யார் யாரோ சொல்லி நீர் மாத்திரை விழுங்கிவந்தார். அந்த மாத்திரை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுமே தவிர, காலில் தேங்கிய புரதத்தை அசைக்காது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது அவர் நாள்தோறும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைத்துக்கொள்கிறார். விரலிடுக்கு வெடிப்பு வழியே கிருமி நுழைந்து நெறி கட்டிக் காய்ச்சல் வரும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் நாளங்களும் கெடுகின்றன என்று விளக்கியதும், நாங்கள் அதட்டிச் சொன்னபோதெல்லாம் கேட்காதவர் கேட்டுக்கொண்டார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்:

நான் எம்.எஸ்சி. நர்சிங் மாணவன். என்னுடையது ஒரு தவறு பற்றிய அனுபவம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அறுவடைக் காலத்தில் வரப்பில் ஏதோ கடித்ததென்று ஒருவரை அழைத்துவந்தார்கள். பாம்பை யாரும் பார்க்கவில்லை. கடிவாயில் வீக்கமும் இல்லை. விரியன் நஞ்சு ஏறியிருந்தால் இரத்தம் உறையாது என்பதால், 2 மி.லி. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். இரத்தம் உறையவில்லை. கண்ணாடி விரியன்தான் என்று முடிவுகட்டி விஷமுறிவு மருந்துக்கு ஓடப் பார்த்தேன்.

டியூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர் என்னை நிறுத்தி, "இந்தக் குழாயை எதில் கழுவினீர்கள்?" என்று கேட்டார். சோப்புத் தூளில்தான் கழுவியிருந்தோம். அவர் புதிய குழாய்கள் இரண்டை எடுத்து ஒன்றில் நோயாளியின் இரத்தத்தையும் மற்றதில் தம்முடைய இரத்தத்தையும் விட்டு வைத்தார். இருபது நிமிடம் கழித்து இரண்டுமே உறைந்திருந்தன. நோயாளியை அதன்பின் 24 மணி நேரம் கண்காணித்து வீட்டுக்கு அனுப்பினோம். விஷமுறிவு மருந்தே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் அன்று நான் செய்யவிருந்தது சிறிய பிழையாக இருந்திருக்காது.

இந்தச் சோதனையில், கண்ணாடிப் பரப்பில் பட்டதும் இரத்தத்தில் உள்ள உறைதல் புரதங்களில் ஒன்றான பன்னிரண்டாம் காரணி தூண்டப்பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. சோப்புப் படிவு அந்தத் தொடக்கத்தையே கெடுத்துவிடும். பிளாஸ்டிக் குழாய் கூடாது என்பதும் இதனால்தான். தேர்வில் எழுதிய உறைதல் படிநிலைகள் அனைத்தும் என் தலையில் இருந்தன, ஆனால் கையில் பிடித்த குழாயோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னொன்றும் அன்றிரவு தெளிந்தது. கண்ணாடி விரியனின் நஞ்சு ஐந்தாம், பத்தாம் காரணிகளைத் தூண்டி உறைதலை முடுக்கிவிடுகிறது என்று படித்துவிட்டு, அப்படியானால் நோயாளிக்கு ஏன் இரத்தம் கசிகிறது என்று நான் குழம்பியதுண்டு. உடலெங்கும் ஓயாமல் உறைந்து உறைந்து, உறைகட்டியாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதால் தேவையான இடத்தில் உறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வேதாரண்யம் உறுப்பினர்:

சுருக்கமாக எழுதுகிறேன். வயலுக்கு மருந்து அடித்தபோது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியால் நஞ்சேறி வந்தவர், முறிவு மருந்தான அட்ரோபின் கொடுத்ததில் நெஞ்சுச் சளி வற்றி நன்றாகத் தேறியிருந்தார். இரண்டு நாள் கழிந்ததும் வீட்டார் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தினார்கள். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் தசைகள் தளரும் இடைநிலைக் கட்டம் ஒன்று உண்டென்று 1987இல் இலங்கை மருத்துவர்கள் விவரித்ததை அதே வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். அட்ரோபின் சுரப்பிகளைக் காக்கும். தசையில் நரம்பின் கட்டளையை வாங்கும் நிக்கோட்டினிக் ஏற்பிகளை அது தொடுவதில்லை. எனவே அவரிடம், "அண்ணே, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்க பார்ப்போம்" என்றேன். அவரால் தூக்க முடியவில்லை. உடனே மருத்துவரை அழைத்தேன். அன்று மாலையே அவருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. ஒரு வாரத்துக்குமேல் அதில் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மன்னார்குடிப் பக்கத்து மாணவி:

திருத்துறைப்பூண்டிக்காரர் எழுதியதைப் படித்தபின் மனம் நிற்கவில்லை. எங்கள் அவசரப் பிரிவில் அந்தக் குழாய்கள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். எதைப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. நாளைக் காலை டியூட்டியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.