மறு: ஸ்கோப், ரோட், கிரவுண்ட் டேக்கிள் – தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் சிறு பாய்மரப் படகுக் கையேட்டின் நங்கூர அத்தியாயத்தில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழாக வந்த பரிந்துரைகளைப் படித்தேன். நங்கூரம் என்ற சொல்லே பாரசீக ‘லங்கர்’ வழி வந்தது, அதையும் மாற்றலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்ற வேண்டாம். கடற்கரையில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அது. நமக்குச் சிக்கல் ‘ஸ்கோப்’தான், அதாவது நங்கூரத்தோடு எவ்வளவு நீளம் கயிறு விடுகிறோம் என்ற கணக்கு. அதில் பிசகினால் படிப்பவரின் படகு ராத்திரியோடு ராத்திரியாகப் பாறையில் போய் ஏறிவிடும். அதை முதலில் பார்த்துவிடலாம்.

> ஸ்கோப் = வீச்சு. சுருக்கமாக இருக்கிறது, ஏற்கெனவே புழக்கத்திலும் உண்டு.

புழக்கத்தில் இருப்பதுதான் தொல்லை. இயற்பியலில் அது அலையின் வீச்சு, வானொலியில் ஒலிபரப்பின் வீச்சு. போதாததற்கு, வீச்சு என்றதும் வீசுவது நினைவுக்கு வரும். நங்கூரத்தை வீசவே கூடாது. வீசினால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும், மண்ணில் ஊன்றாது. அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, மெதுவாக இறக்கி, தரை தொட்டதும் படகைப் பின்னால் நகரவிட்டுக்கொண்டே கயிற்றை விட வேண்டும்.

> அப்படியானால் தளர்வு?

அதுவும் இல்லை. புயல் காற்றில் கயிறு வீணைத் தந்திபோல விறைத்து நிற்கும்போதும் ஸ்கோப் அதே அளவுதான். அது தளர்வோ இறுக்கமோ அல்ல, ஒரு மடங்கு. வெளியே விட்ட கயிற்றின் நீளத்தை, கடல் தரையிலிருந்து அணியத்தில் கயிறு ஓடும் உருளை வரையுள்ள உயரத்தால் வகுத்தால் கிடைப்பது. வெறும் தண்ணீர் ஆழத்தால் வகுப்பது அல்ல. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். பினாங்கு, லங்காவி பக்கம் நீர் வற்றுவதற்கும் ஏறுவதற்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. நீர் வற்றிய நேரத்தில் போய்ச் சேர்கிறீர்கள். ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. ஐந்து மடங்கு என்று 20 மீட்டர் விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். நள்ளிரவில் நீர் 2 மீட்டர் ஏறுகிறது. அணியம் நீர்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர். ஆக மொத்தம் 7 மீட்டர் உயரம், 20 மீட்டர் கயிறு. மடங்கு மூன்றுகூட இல்லை. 35 மீட்டர் விட்டிருக்க வேண்டும். ராமேசுவரம் பக்கம், பாக் நீரிணையில், ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்தத் தப்பு அங்கே பெரும்பாலும் மன்னிக்கப்பட்டுவிடும். அங்கே பழகியவர்கள் மலாக்கா நீரிணைக்கு வந்தால் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மடங்கு ஏன் இவ்வளவு முக்கியம்? நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. மண்ணுக்குள் புதைந்து பிடிக்கிறது. புதைய வேண்டுமானால் இழுப்பு கிட்டத்தட்டத் தரையோடு தரையாக வர வேண்டும். கயிறு விறைத்து நேர்கோடாக நின்றால், மூன்று மடங்கில் அது தரையோடு ஏறத்தாழ 19 டிகிரி கோணம் கொள்ளும். ஐந்து மடங்கில் 11 அல்லது 12, ஏழு மடங்கில் 8, பத்து மடங்கில் 6-க்குச் சற்றுக் குறைவு. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் கிடைக்கும் ஆதாயம், ஏழிலிருந்து பத்துக்குப் போவதில் இல்லை. கோணம் கூடக்கூட இழுப்பு நங்கூரத்தை மேலே தூக்கப் பார்க்கும். நாம் நங்கூரத்தை எடுக்கும்போது வேண்டுமென்றே செய்வதும் அதுதான்: கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நேர் மேலே வந்து பெயர்க்கிறோம்.

சரி, சொல். நான் முன்வைப்பது ‘விடுமடங்கு’. கயிற்றை ‘விடு’ என்றுதான் படகில் சொல்கிறோம், ‘அஞ்சு மடங்கு விடு’ என்றால் யாருக்கும் புரியும். ‘விடுமடங்கு 5’ என்று அட்டவணையில் எழுதலாம், 5:1 என்ற குறிகூட வேண்டியதில்லை. ‘வடவிகிதம்’ என்ற பரிந்துரை எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் கடல் கையேட்டில் ‘வட’ என்று தொடங்கினால் படிப்பவர் திசைகாட்டியைப் பார்ப்பார். வடகாற்று, வடகோடி என்று பக்கத்துக்குப் பக்கம் வரும் புத்தகம் இது.

இதனால் ‘ரோட்’டுக்கு, அதாவது நங்கூரத்தைப் படகோடு இணைக்கும் கயிறு, சங்கிலி எல்லாவற்றுக்கும், வடம் என்பதைக் கைவிட வேண்டியதில்லை. தனிச்சொல்லாக ‘நங்கூர வடம்’ நன்றாகவே நிற்கிறது. நங்கூரக் கயிறு என்றால் சங்கிலி விட்டுப்போகும், நங்கூரச் சங்கிலி என்றால் கயிறு விட்டுப்போகும். வடம் இரண்டையும் தாங்கும். தேர்வடம் கயிறாகவும் இருக்கிறது, சில ஊர்களில் இரும்புச் சங்கிலியாகவும் இருக்கிறது, இரண்டும் வடம்தான். கழுத்தில் போடும் சங்கிலியையும் இரட்டை வடம் என்கிறோம்.

வடத்தில் எது எவ்வளவு என்பதை அத்தியாயம் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள வரைவு ‘முழுச் சங்கிலியே சிறந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பெரிய படகுக்குச் சரி. ஒன்பது மீட்டர் படகுக்கு யோசிக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. 40 மீட்டர் போட்டால் 56 கிலோ, அதுவும் படகின் மூக்கில். அலையில் அணியம் எழும்பாமல் முங்கும். நான் பரிந்துரைப்பது 10 முதல் 15 மீட்டர் சங்கிலி, அதன் பின்னே 12 அல்லது 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு. தரையில் கிடந்து பாறையிலும் சிப்பியிலும் உரசும் பகுதி சங்கிலியாக இருக்கட்டும். மேலே வரும் பகுதி நைலானாக இருந்தால் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

சங்கிலியின் தொய்வே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மெல்லிய காற்றில் உண்மை. ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நாலு மடங்காகும். பலத்த காற்றில் சங்கிலியும் கிட்டத்தட்ட நேராகிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு அலையும் சுத்தியல் அடிதான். முழுச் சங்கிலி போடுகிறவர்களும் அதனால்தான் கடைசியில் சில மீட்டர் நைலானைக் கொக்கி போட்டு மாட்டுகிறார்கள். ‘ஸ்னபர்’ எனப்படும் அந்தத் துண்டுக்கு ‘தணிகயிறு’ என்பது இந்த இழையில் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல்.

கயிறு வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். துறைமுகக் கடைகளில் கயிறு என்று கேட்டால் பெரும்பாலும் பச்சை அல்லது நீல நிற பாலிபுரொப்பிலீன் கயிற்றை எடுத்துப் போடுவார்கள். விலை மலிவு. ஆனால் அது மிதக்கும், அடுத்த படகின் உந்துவிசிறியில் மாட்டும், நைலான் அளவுக்கு நீண்டு கொடுக்காது, வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும்.

> கிரவுண்ட் டேக்கிள் = தரைத் தளவாடம்.

ராணுவ லாரி மாதிரி இருக்கிறது. நங்கூரம், அதைச் சங்கிலியோடு பூட்டும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம், சங்கிலி, கயிறு, படகுக்குள்ளே கடைசி முனையைக் கட்டுமிடம் வரை எல்லாம் சேர்ந்தது அது. படகில் ‘நங்கூரச் சாமான்’ என்று சொன்னால் போதும், ஆனால் பதிப்பாசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். ‘நங்கூரத் தொகுதி’ என்று வைத்துக்கொள்வோம். ஷேக்கிளை ஷேக்கிள் என்றே விடுங்கள். கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். அதன் ஆணியைக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும் என்ற வரி வரைவில் விடுபட்டிருக்கிறது. அது சொல்லைவிட முக்கியம்.

நங்கூர வகைகளுக்கு வருகிறேன். ‘ஃப்ளூக்’குக்கு அலகு என்று வந்திருக்கிறது. அளவை அலகுகள் நிறைந்த அட்டவணையில் அது குழப்பும். மண்ணைக் கீறி இறங்கும் பகுதி என்பதால், கலப்பையின் இரும்பு முனையைப் போல, ‘கொழு’ என்கிறேன். மேலே போகும் கம்பி தண்டு, பழைய அட்மிரால்டி வடிவத்தில் (படங்களில் நங்கூரம் என்று வரைவது) அதற்குச் செங்குத்தாக நிற்பது குறுக்குத்தண்டு.

ஆனால் ‘பிளவ்’ வகையை ‘கலப்பை நங்கூரம்’ என்று போடும்போது ஒரு விளக்கம் தேவை. 1933-இல் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் வடிவமைத்த சி.க்யூ.ஆர். என்ற நங்கூரம்தான் அதன் மூலம். கலப்பை மண்ணைக் கிழித்துக்கொண்டு நகர வேண்டியது, நங்கூரம் நகரவே கூடாதது. வடிவ ஒற்றுமைக்காக வந்த பெயர், வேலைக்காக அல்ல. கடினமான மணலில் அந்தப் பழைய வகை பக்கவாட்டில் படுத்து உண்மையிலேயே உழுதுகொண்டு போவதும் உண்டு.

தட்டையான இரண்டு கொழு கொண்ட டேன்ஃபோர்த் வகை நங்கூரத்துக்குத் ‘தட்டைக் கொழு’ பொருத்தம். இரண்டாம் உலகப் போரில் கரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டது. எடைக்கு மிஞ்சிய பிடிமானம், மணலிலும் சேற்றிலும் அருமை. ஆனால் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பினால் பெயர்ந்து, மறுபடி ஊன்றாமல் போகக்கூடும். அதனால் அதைத் துணை நங்கூரமாக வைத்துக்கொள்வது நல்லது. புரூஸ் வகை ‘நக நங்கூரம்’, அதில் வாதம் எதுவும் இல்லை. ராக்னா போன்ற புதிய வகைகளுக்குக் ‘குழிகொழு’ என்று வைக்கலாம்: குழிந்த கொழு, சிலவற்றில் தலைகீழாக விழுந்தாலும் புரட்டி நிமிர்த்தும் வளையம். ஒன்பது மீட்டர், மூன்றரை டன் படகுக்கு ஒரே ஒரு நங்கூரம்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், பத்து கிலோ போதும் என்று அட்டவணை சொன்னாலும் பதினைந்து.

பாறைக்கும் அடர்ந்த கடற்புல்லுக்கும் பழைய அட்மிரால்டி வடிவம் இன்னும் தோற்கவில்லை. ஆனால் கடற்புல்லிலும் பவளத்திலும் நங்கூரம் இறக்காமல் இருப்பதே முறை என்று அத்தியாயத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவை ஒட்டிப் படகு ஓட்டுகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக: ‘ஹோல்டிங்’ = பிடிமானம். ‘செட்’ = ஊன்றுதல். ‘டிராக்’ = இழுபடுதல். ‘ஸ்விங்கிங் சர்க்கிள்’ (நங்கூரத்தைச் சுற்றிப் படகு நகரும் வட்டம்) = சுழல்வட்டம். விடுமடங்கு கூடினால் சுழல்வட்டமும் பெருகும், நெரிசலான துறையில் பக்கத்துப் படகுக்காரரிடம் எத்தனை மடங்கு விட்டிருக்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் இடையே முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பான ‘ஸ்விவலு’க்கு இதுவரை ஆறேழு பரிந்துரைகள் வந்துவிட்டன. எதற்கும் நான் வாக்களிக்கவில்லை. இந்த அளவுப் படகில் அந்தப் பொருளையே மாட்ட வேண்டாம் என்பது என் கட்சி.