தொண்டையிலிருந்து வென்டிலேட்டர் குழாய் எடுத்த பிறகு முதல் மடக்கு: நீங்கள் பார்த்தது என்ன?

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

மழைக்காலத்தில் கட்டுவிரியன் கடித்த பிள்ளைகள் எங்கள் பிரிவுக்கு வருவார்கள். தரையில் பாய் விரித்துத் தூங்கும்போது கடித்திருக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடிந்ததும் இமை தூக்க முடியாமல், எச்சில் வழிய, தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்படி வந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் பல நாள் வென்டிலேட்டரில் இருந்தான். குழாயை எடுத்ததும் அவன் கேட்டது தண்ணீர்.

"தொண்டை காய்ந்து கிடக்கிறதே சிஸ்டர், ஒரு மடக்கு கொடுத்தால் என்ன?" என்று பாட்டி கெஞ்சினார். அந்தக் கெஞ்சலுக்கு முன்னால் "கூடாது" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் பையன் பேசியபோது குரல் ஈரமாக, களகளவென்று வந்தது. தன் எச்சிலையே அவனால் முழுதாக விழுங்க முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

விஷத்தால் தளர்ந்த தசை ஒரு பக்கம். குழாய் உரசி வீங்கி, உணர்வு மந்தமான குரல்வளை இன்னொரு பக்கம். தண்ணீரோ வேகமாக ஓடும். குரல்வளை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உணர்வு மந்தமாக இருந்தால் இருமல்கூட வராது. "புரையேறவில்லை, அதனால் நன்றாகக் குடிக்கிறான்" என்ற நம்பிக்கைக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

ஈரத் துணியால் வாயைத் துடைத்து, உதட்டை நனைத்து, உணவை மூக்கிலிருந்து வயிற்றுக்குப் போகும் குழாய் வழியே தொடர்ந்தோம். மறுநாள் மருத்துவர் பார்த்த பிறகு, சளி, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் கருவியைத் தயாராக வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு சிறு கரண்டி தண்ணீர் கொடுத்தோம். இருமவில்லை. ஆனால் கண்ணில் நீர் கோத்தது, மூச்சு வேகமெடுத்தது, ஆக்சிஜன் அளவு 97-இலிருந்து 91-க்கு இறங்கியது. உடனே நிறுத்திவிட்டோம். குரல் தெளிந்த பிறகே நன்றாக மசித்த தயிர்சோற்றில் தொடங்கினோம். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "பாட்டி என்று சொல்" என்போம்; குரல் ஈரமானால் அடுத்த வாய் கிடையாது. கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாட்டியே பார்க்கக் கற்றுக்கொண்டார்.

எத்தனை மில்லி உள்ளே போனது என்று படிவத்தில் எழுதுகிறோம். எப்படிப் போனது என்று எழுத அதில் இடமில்லை. அந்த இடம் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு தாய்:

குறைமாதத்தில் பிறந்த என் மகளுக்கு இதயத்தருகே மூடாமல் இருந்த நாளத்தை அறுவைசிகிச்சையில் கட்டினார்கள். அதன் பிறகு அழுகை காற்றுப்போல் வந்தது. களைப்பு என்றுதான் நினைத்தோம். பணியில் இருந்த செவிலியர் மட்டும் அழுகையை உற்றுக் கேட்டு, மருத்துவரை அழைத்தார். இடது குரல்நாண் அசையவில்லை. அதற்குப் போகும் நரம்பு அந்த நாளத்தை ஒட்டியே வளைந்து செல்கிறதாம். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, மெதுவாக ஒழுகும் புட்டிக் காம்பில், சில உறிஞ்சலுக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பால் கொடுக்கச் சொல்லித்தந்தார். பாலாடையில் ஊற்றிவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது, அந்தச் செவிலியரே வந்து அவர்களிடம் பேசினார். அவர் இல்லாவிட்டால் நான் தனியாகத் தாங்கியிருக்க மாட்டேன்.

மற்றொரு செவிலியர்:

அக்கா, பாலைக் கெட்டியாக்கும் பொடி வாங்கச் சொல்லி யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலுக்குச் சில பொடிகள் ஆபத்தானவை.

மூக்குக் குழாய் பற்றி ஒன்று: குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பதை இன்னும் சிலர் நம்புகிறார்கள். நுரையீரலில் குழாய் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். குழாய் வழியே உறிஞ்சி எடுத்த நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை ஒரு துளியும் விடாதீர்கள். வாய்வழி உணவே இல்லாத பிள்ளைக்கும் பல் துலக்கிவிடுங்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலில் இறங்கினால் நிமோனியாதான்.