உப்பாவி விளக்கு: மெட்டல் ஹாலைடுக்கு ஒரு பேர்

அண்ணே, கடல் பவளம் வளக்குற உப்புத்தண்ணி தொட்டிக்கு மேல மாட்டுற மெட்டல் ஹாலைடு விளக்குக்கும் அதோட சாமானுக்கும் தமிழ்ப்பேரா நீங்க போட்ட பட்டியல்ல 'உலோக உப்பீனி விளக்கு' படிச்சேன். சொல் அழகாத்தான் இருக்கு, ஆனா ஒரு இடத்துல இடறுது. உப்பீனின்னா ஹாலஜன். ஹாலஜன் விளக்குன்னு தனியா ஒண்ணு இருக்கே, அதுல டங்ஸ்டன் இழை சூடாகி எரியுது, பழைய குண்டு பல்புக்குத் தம்பி முறை. பவளத்தொட்டிக்கு மேல நாம தொங்கவிடுற மெட்டல் ஹாலைடுல இழையே கிடையாது, சின்ன குவார்ட்ஸ் குழாய்க்குள்ள ரெண்டு முனைக்கு நடுவுல மின்வில் (இடைவெளியில பாயுற மின்சாரம், ஆர்க்) நிக்குது, வெளிச்சம் அங்கேருந்துதான் வருது. ரெண்டுக்கும் ஒரே பேர் விழுந்துட்டா புதுசா தொட்டி வைக்கிறவர் உப்பீனி விளக்குன்னு கேட்டு ஹாலஜனை வாங்கி மாட்டிடுவார், அது மஞ்சளா எரிஞ்சு தண்ணிய சூடாக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்ல நினைக்கிறது 'உப்பாவி விளக்கு'. சோடியம் ஆவி விளக்கு, பாதரச ஆவி விளக்குன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு, அந்த வரிசையில இதுவும் போய் உக்காந்துக்கும். உள்ள நடக்குறதும் அதுதான். பாதரசத்தோட சோடியம் அயோடைடு, தாலியம் அயோடைடு, இண்டியம் அயோடைடு மாதிரி உப்புகளைக் கொஞ்சமா போட்டு மூடியிருப்பாங்க (பாதரச விளக்குல உப்பு போடுற யோசனைக்கு மின்பொறியாளர் சார்ல்ஸ் ஸ்டெயின்மெட்ஸ் 1912-லயே காப்புரிமை வாங்கிட்டார், ஆனா விளக்கு நடைமுறைக்கு வந்தது 1960கள்லதான்). உலோகத்தை அப்படியே போட்டா லேசுல ஆவியாகாது, சிலது குவார்ட்ஸையே அரிச்சுடும். உப்பா போட்டா சுலபமா ஆவியாகி வில்லுக்குள்ள போகுது, அங்க இருக்குற சூட்டுல உலோகம் தனியா அயோடின் தனியா பிரியுது, உலோகம் தன் நிறத்துல ஒளி விடுது, சுவர் பக்கம் வந்தா ரெண்டும் மறுபடி சேர்ந்து உப்பாயிடுது. சோடியம் மஞ்சள், தாலியம் பச்சை, இண்டியம் நீலம். 10,000 கெல்வின் பல்பு, 20,000 கெல்வின் பல்புன்னு (கெல்வின் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும்) நாம வாங்குற வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் இந்த உப்புக் கலவையோட விளையாட்டு.

நம்பலைன்னா சுவிட்ச் போட்டதும் பக்கத்துல நின்னு பாருங்க, பல்பை நேரா பாக்காதீங்க, தண்ணிக்குள்ள மணல்ல விழுற வெளிச்சத்தைப் பாருங்க. முதல்ல மங்கலா, செத்த நீலத்துல ஒரு வெளிச்சம், அது வெறும் பாதரசம். ரெண்டு மூணு நிமிஷத்துல நிறம் மாறி மாறி, உப்பெல்லாம் ஆவியானதும்தான் முழு வெளிச்சம் வந்து நிக்கும்.

உப்புத்தண்ணி தொட்டிக்கு மேல உப்பாவின்னு சொன்னா தண்ணியிலருந்து எழும்புற ஆவின்னு நினைச்சுட மாட்டாங்களான்னு தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி, நானும் ரெண்டு நாள் அதுலயே மாட்டிக்கிட்டிருந்தேன். ஆனா தொட்டியிலருந்து ஆவியாகுறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளேயே தங்கிடுது, அதனாலதான் இந்த விளக்குச் சூட்டுல நீர்மட்டம் இறங்குறப்ப நல்ல தண்ணி மட்டும் ஊத்துறோம், உப்புத்தண்ணி ஊத்துனா 1.025ல நிக்க வேண்டிய அடர்த்தி ஏறிக்கிட்டே போயிடும். விளக்குக் கூட்டுல வெள்ளையா படியிறது தெறிச்ச துளி காஞ்சது, அதுக்கு நம்ம பாட்டிமார் சொல்லே இருக்கு, 'உப்பு பூத்திருக்கு'ன்னு. அப்பாவி மாதிரி காதுல விழுதுன்னு கேலி பண்ணுனவருக்கு என்கிட்ட பதில் இல்ல, விழத்தான் செய்யுது.

விளக்கோட மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துற பாலாஸ்டுக்கு நீங்க போட்ட 'நிலைச்சுமை' வேண்டவே வேண்டாம், அது கப்பல்ல ஏத்துற பாரத்தோட மொழிபெயர்ப்பு, இங்க சுமையும் இல்ல ஒண்ணும் இல்ல. வில் பத்திக்கிட்டா மின்னோட்டம் தறிகெட்டு ஏறும், அதைப் பிடிச்சு நிறுத்துற ஆள் வேணும். டியூப்லைட் காலத்துலருந்து எலக்ட்ரீஷியன் அதை சோக்குன்னுதான் சொல்றார், 'சோக்கு போயிடுச்சு'ன்னா எல்லாருக்கும் புரியும், அப்படியே இருக்கட்டும். வில்லைப் பத்தவைக்கிற இக்னைட்டருக்கு 'தூண்டி'யும் வேண்டாம், மீன்தொட்டி மேல தூண்டி மாட்டுனேன்னு எழுதிப் பாருங்க.

ரெண்டு பக்கமும் மாட்டுற இருமுனை பல்புக்கு முன்னாடி இருக்குற கண்ணாடிய 'மூடி'ன்னு போட்டதைத்தான் நான் கடுமையா எதிர்க்கிறேன். மூடின்னா கழட்டலாம்னு அர்த்தம். அந்த பல்புல புறஊதாவைத் தடுக்க வெளிக்குடுவை கிடையாது, கண்ணாடிய எடுத்துட்டு எரியவிட்டா பவளம் வெந்துடும், நம்ம கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. 'கவசக் கண்ணாடி'ன்னு போடுங்க.

பவளத்தைப் புது வெளிச்சத்துக்கு மெல்ல மெல்லப் பழக்குறதுக்கு நீங்க போட்ட 'ஒளி இசைவாக்கம்' எனக்கு ஒட்டல. ஒரு வருஷம் எரிஞ்ச பழைய பல்பை மாத்தி, அதே 250 வாட்ல புதுசு போட்டேன், பழசு எவ்வளவு மங்கிப்போயிருந்துதுன்னு எனக்கு உறைக்கவே இல்ல, நாலாம் நாள் கிளைப்பவளத்தோட நுனியெல்லாம் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெளிறிடுச்சு, உள்ள குடியிருந்த பாசிய வெளிய தள்ளிடுச்சு. அப்புறம்தான் தண்ணிக்கு மேல மெல்லிய வலைய நாலு மடிப்பா விரிச்சு, சில நாளுக்கு ஒரு மடிப்பா எடுத்தேன். செடி வளக்குறவங்க நிழல்ல இருந்த கன்னை வெளிய எடுக்குறப்ப 'வெயிலுக்குப் பழக்கணும்'னு சொல்வாங்கல்ல, அதேதான் இது. 'ஒளி பழக்கல்'னு வச்சா என்ன செய்யணும்னு சொல்லுலயே இருக்கு.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் எனக்கு உதவி வேணும். வெளிச்சம் ஒரே புள்ளியிலருந்து வர்றதால மேல தண்ணி அசையுறப்ப மணல் மேல, பவளம் மேல வெள்ளிக் கம்பி மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுமே, டியூப்லைட்ல வராதே, அதுக்கு இதுவரைக்கும் யாரும் பேர் சொல்லல. நான் 'ஒளிநெளி'ன்னு என் நோட்டுல எழுதிட்டு வர்றேன், 'நெளியொளி' நல்லா இருக்கான்னு வாய்விட்டுச் சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க.