பார்வை மீட்பா, பார்வைத் தேறலா?

அனைவருக்கும் வணக்கம்.

கண் அறுவைக்குப் பிறகு நோயாளி கையில் கொடுக்கும் ஒரு துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விழித்திரைக்குப் பின்னால், மாகுலா (கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) இருக்கும் இடத்தில், இரத்தம் கட்டியவர்களுக்கான அறிக்கை. நான்கு பக்கத்தில் மூன்று முடிந்துவிட்டது. நான்காவது பக்கம் பார்வை எப்படி, எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் பக்கம். அதன் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். இப்போது பலரும் எழுதுவது 'பார்வை மீட்பு'. அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

காரணம் சொந்த அனுபவம். போன வருடம் என் அம்மாவுக்கு இது வந்தது. வயது 71. காலையில் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர், "வச்ச புள்ளியக் காணோம்டி" என்றார். சுற்றியுள்ள புள்ளிகள் தெரிகின்றன. எந்தப் புள்ளியைப் பார்க்கிறாரோ அது மட்டும் இல்லை. பார்வையை நகர்த்தினால் அந்தக் கருந்திட்டும் கூடவே நகர்கிறது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு படலத்தின் இரத்தக் குழாய்களில் சிறு சிறு குமிழ்போல் புடைப்பு வரும் நோய் ஒன்று உண்டு. ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம் காணப்படுவது. அந்தப் புடைப்புகளில் ஒன்று வெடித்திருந்தது.

ஐந்தாம் நாள் அறுவை. நான் படித்துக் காட்டி, அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் 'பார்வை மீட்பு அறுவை சிகிச்சை' என்று இருந்தது. அறுவைக்கு முன் ஒரு மீட்டர் தூரத்தில் விரலை எண்ணும் அளவுதான் பார்வை. மூன்று மாதத்தில் 6/24க்கு வந்தார். நல்ல கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் படிக்கிறார் என்று பொருள். டாக்டருக்கு அதில் நிறைவு. அம்மாவோ, "மீட்டுட்டாங்கன்னு படிச்சியே, நிலைக்கதவு இன்னும் நெளிஞ்சுதானே தெரியுது?" என்று என்னைக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அம்மா கேட்டதில் தவறே இல்லை. நம் வீடுகளில் 'மீட்பது' என்றால் அடகு வைத்த நகையை மீட்பது. வைத்த நகை, வைத்த எடையில், முழுசாக வீட்டுக்கு வரும். ஒரு குன்றிமணி குறைந்தாலும் அது மீட்பு ஆகாது. கண்ணில் நடப்பது அப்படி இல்லை. தேங்கிய இரத்தம் மூன்று வழியில் விழித்திரையைக் கெடுக்கிறது. ஒளி உணரும் செல்களுக்குக் கோராய்டிலிருந்து வரும் உயிர்வளியையும் ஊட்டத்தையும் மறிக்கிறது. உறைந்தபின் அதிலுள்ள ஃபைப்ரின் என்னும் உறைபுரத இழைகள் சுருங்கி, அந்தச் செல்களின் நுனியைப் பிய்க்கின்றன. சிதையும் இரத்தத்திலிருந்து வரும் இரும்பு நஞ்சாகிறது. 1982ல் முயல் கண்ணில் செய்த ஆய்விலேயே, ஒரு நாளுக்குள் சேதம் தொடங்குவது தெரிந்துவிட்டது. அதனால்தான் நாள் கடத்தாமல் அறுவை செய்கிறார்கள். போன செல் போனதுதான். மிஞ்சியவை மெல்ல மெல்லத் தெளிகின்றன.

இதற்கு நம்மிடம் கைவசம் ஒரு சொல் இருக்கிறது: தேறுதல்.

காய்ச்சல் விட்டால் "உடம்பு தேறிவிட்டது" என்கிறோம். படிப்படியாக, தானாக நடப்பது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் வரும் கேள்வி, "நனைஞ்ச நெல்லுல எத்தனை மூட்டை தேறும்?" என்பது. முழுசும் வராது என்று ஒப்புக்கொண்டபின் கேட்கும் கேள்வி அது. அறுவை முடிந்த கண்ணைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியதும் இதேதான்: எவ்வளவு தேறும்?

அப்புறம் தேற்றாங்கொட்டை. கலங்கிய ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றுவதற்கு முன், குடத்தின் உட்புறத்தில் இந்தக் கொட்டையை இழைப்பார்கள். கலங்கல் அடியில் போய்ப் படியும், மேலே தண்ணீர் தெளியும். சங்கப் பாட்டிலேயே உவமையாக வரும் அளவுக்குப் பழைய வழக்கம். கொட்டை தேற்றுகிறது, தண்ணீர் தேறுகிறது. தன்வினை, பிறவினை இரண்டும் தயாராக இருக்கின்றன. அறுவை தேற்றுகிறது, பார்வை தேறுகிறது. 'மீட்பு' என்றால் முழுக்க மருத்துவர் செய்வது என்றாகிவிடும். 'தேறல்' கண்ணுக்கும் காலத்துக்கும் இடம் விடுகிறது.

என் முன்மொழிவு: பார்வைத் தேறல்.

'தேற்றம்' வேண்டாம், கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 'தேறல்' என்றால் கள் அல்லவா என்று கேட்பீர்கள். ஆமாம், கசடு நீங்கித் தெளிந்த கள்ளுக்குத்தான் அந்தப் பெயர். பொருள் மாறவே இல்லை.

தலைப்போடு சேர்த்து இரண்டு துணைச் சொற்களும் வேண்டும். முதலாவது, இரத்தம் வந்து நிற்பதற்கு. 'இரத்தக் கசிவு' போதாது. இதே கண்ணில் நீரும் கசியும், அதற்குத் தனி ஊசி, தனிச் சிகிச்சை. இரண்டையும் கசிவு என்றால் நோயாளி குழம்புகிறார். அடிபட்ட இடத்தில் "ரத்தம் கட்டிக்கிச்சு" என்கிறோமே, அந்த 'இரத்தக்கட்டு' எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, அறுவைக்கு. 'இரத்தம் அகற்றல்' என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். இரத்தத்தை இவர்கள் வெளியே எடுப்பதில்லை, மாகுலாவை விட்டு நகர்த்துகிறார்கள். 'ஒதுக்கல்' சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

கண் மருத்துவர்கள் திருத்திச் சொல்லுங்கள்.

*

வணக்கம் அம்மா.

'தேறல்' எனக்குச் சம்மதம். வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் வாயால் சொல்வதும் "கொஞ்சம் கொஞ்சமாத் தேறும்" என்பதுதான். பேசுவது ஒன்றும் படிவத்தில் எழுதுவது வேறொன்றுமாக இத்தனை நாள் இருந்துவிட்டோம்.

'ஒதுக்கல்' நீங்கள் நினைப்பதைவிட முக்கியமான சொல். அகற்றல் என்று முன்பு உண்மையிலேயே ஓர் அறுவை இருந்தது. விழித்திரையில் துளையிட்டு, உறைந்த கட்டியையும் அதன் அடியில் வளர்ந்த குழாய்ச் சவ்வையும் இடுக்கியால் பிடித்து வெளியே இழுப்பார்கள். முதுமை மாகுலா நோயில் வரும் பெரிய இரத்தக்கட்டுகளுக்கு அதனால் பார்வை கூடுகிறதா என்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தன. 2004ல் முடிவு வந்தது: சும்மா கவனித்துக்கொண்டிருந்தவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பார்வை மேலாக இல்லை. இன்று செய்வது வேறு. கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசியால் விழித்திரைக்குப் பின்னால் கட்டு கரைக்கும் மருந்தைச் செலுத்துகிறோம். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் கொடுக்கும் அதே அல்டிப்ளேஸ்தான், மிகச் சிறிய அளவில். பிறகு வாயுக்குமிழ் வைக்கிறோம். கரைந்த இரத்தம் மாகுலாவைவிட்டு நழுவிக் கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கேயே மெல்லக் கரைகிறது. ஆகவே அகற்றல், ஒதுக்கல் இரண்டும் இரண்டு அறுவைகள். சொல் கலந்தால் வரலாறும் கலந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். 'விழித்திரைக்கீழ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நல்லவேளை, உங்கள் மடலில் 'பின்னால்' என்றே இருக்கிறது. எங்கள் பயிற்சி மாணவர்கள் 'கீழ்' என்றுதான் எழுதுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த இரத்தம் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிறது; கீழே இல்லை. அறுவையில்தான் அதைக் கீழே இறக்குகிறோம். 'விழித்திரைக்கீழ் இரத்தம் கீழே ஒதுக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை எந்த நோயாளியிடம் நீட்டுவது? 'விழித்திரைப்பின்' என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் பின்னால், விழித்திரையின் ஒளி உணரும் செல்களை அடுத்துள்ள நிறமிப்படலத்துக்கு அப்பால் இரத்தம் கட்டுவதும் உண்டு. அது எளிதில் ஒதுங்காது, பார்வையும் அவ்வளவாகத் தேறாது. அதை 'நிறமிப்படலப்பின்' எனலாம். வரிசை தானாக அமைகிறது.

'கட்டு' பற்றி எனக்கு ஒரு சின்னத் தயக்கம். முதல் ஓரிரு நாள் இரத்தம் திரவமாகவே இருக்கும், கட்டியிருக்காது. ஆனாலும் நோயாளிக்கு இதைவிடப் புரியும் சொல் என்னிடம் இல்லை.

*

டாக்டருக்கு நன்றி.

'பின்' என்பதை ஏற்றுக்கொண்டேன். அறுவைக்குப் பின் குப்புறப் படுப்பது ஏன் என்று விளக்கும் இடத்திலும் அது கைகொடுத்தது. குமிழ் எப்போதும் மேலே போகப் பார்க்கும். ஆகவே முகம் தரையைப் பார்த்தால் கண்ணின் பின்புறமே மேல்புறமாகிறது, குமிழ் அங்கே போய் மாகுலாவை அழுத்துகிறது. 'பின்' என்று முதல் பக்கத்திலேயே பழக்கியிருந்தால் இரண்டு வரியில் இது முடிந்துவிடும். அம்மாவுக்கு நான் தேங்காய் மூடியை வைத்து அரை மணி நேரம் விளக்கினேன்.

திரவமாக இருக்கும்போது 'கட்டு' சரியா என்ற தயக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீரும் வயலில் "கட்டி நிற்கும்". உறைந்ததற்கும் தேங்கியதற்கும் 'கட்டு' பொது.

குமிழ் கரைவதை அம்மா சொன்ன மாதிரியே அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். முதலில் எல்லாம் கலங்கல். சில நாளில் மேல்பக்கம் கொஞ்சம் தெளிந்து, நடுவில் தண்ணீர் மட்டம்போல் ஒரு கோடு ஆடியது. "கொடத்துல தண்ணி கொறையுற மாதிரி கோடு எறங்குதுடி" என்று தினமும் சொல்வார். குமிழ் கண்ணின் மேல்பக்கம் மிதந்தாலும் பார்ப்பவருக்குக் கீழே தெரியும், விழித்திரையில் காட்சி தலைகீழாக விழுவதால். வைக்கும் வாயுவைப் பொறுத்து இரண்டு வாரமோ, இரண்டு மாதம் வரையிலோ ஆகலாம். அதுவரை விமானமும் கொடைக்கானல், ஊட்டிப் பயணமும் கூடாது; உயரம் போனால் குமிழ் பெருத்துக் கண்ணின் அழுத்தம் ஏறிவிடும்.

ஒற்றுப் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு: பார்வைத் திறன், பார்வைக் குறைபாடு போலவே பார்வைத் தேறல். ஒற்று மிகும்.

நான்காம் பக்கத்தின் தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.

"பார்வைத் தேறல். உங்கள் விழித்திரைப்பின் இரத்தக்கட்டு மாகுலாவை விட்டு ஒதுக்கப்பட்டுள்ளது. அது கண்ணிலிருந்து வெளியே எடுக்கப்படவில்லை, மெல்லக் கரையும். வாயுக்குமிழ் கரையும்வரை பார்வை கலங்கலாக இருக்கும். அதன்பின் பார்வை சில மாதங்களில் படிப்படியாகத் தேறும். எவ்வளவு தேறும் என்பது இரத்தம் எத்தனை நாள் தேங்கியிருந்தது, அடியில் உள்ள நோய் என்ன, ஒளி உணரும் செல்கள் எவ்வளவு மிஞ்சின என்பதைப் பொறுத்தது. நேர்கோடுகள் நெளிந்து தெரிவது சிலருக்குத் தொடரலாம். தேறிய பார்வை மறுபடியும் மங்கினால், அல்லது நடுவில் புதிதாகக் கருந்திட்டு தெரிந்தால், அன்றைக்கே வாருங்கள்."