பிராட்செட்டின் ஹார்டு டிஸ்க்கை நசுக்கியது சரியா?

மைக்கூடு:
நகைச்சுவையான கற்பனை நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் 2015 மார்ச் 12 அன்று இறந்துபோனார். முடிக்காமல் விட்ட எழுத்தெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்கை 2017 ஆகஸ்டில், இங்கிலாந்தின் டார்செட் நீராவி இயந்திரத் திருவிழாவில் ரோடு ரோலர் ஏற்றி அழித்தார்கள். செய்தது வேறு யாருமில்லை, பல வருடம் கூடவே இருந்த உதவியாளர் ராப் வில்கின்ஸ். அதில் பத்து நாவல்கள் வரை இருந்திருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகளைப் பற்றி உ.வே.சா. எழுதியதைப் படித்து வயிறெரிந்த நாம், இதற்கு மட்டும் கைதட்டுகிறோம். ஏன்?

சாம்பல்பூனை:
சுவடியை ஆற்றில் விட்டவர்கள் அதை எழுதியவர்கள் இல்லையே. இங்கே எழுதியவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கையில் இருக்கும் வேலையையும் கணினியையும் நடுச்சாலையில் போட்டு ரோடு ரோலர் ஏற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று அவருடைய எழுத்தாள நண்பர் நீல் கெய்மன் சொன்னது பத்திரிகையிலேயே வந்தது.

இன்னொன்று. ரோலர் பலமுறை ஏறியும் அந்த டிஸ்க் சாகவில்லை. கடைசியில் கல் உடைக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். அவரே எழுதியிருந்தாலும் இந்தக் காட்சியை இப்படித்தான் எழுதியிருப்பார்.

மைக்கூடு:
சிரிப்பு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பு நியாயம் ஆகாது. தன் எழுத்தை எரிக்கச் சொன்ன காஃப்காவின் பேச்சை அவர் நண்பர் மாக்ஸ் பிராட் கேட்டிருந்தால் ‘விசாரணை’ நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா?

கடைசிபெஞ்ச்:
காஃப்காவை இழுக்காமல் இப்படி ஒரு விவாதம் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

இரண்டும் வேறு. காஃப்காவின் வாசகம் முடிக்காத பக்கத்திலும் இருக்கிறது. பிராட்செட்டிடம் நமக்குப் பிடித்தது எது? ஒரு நகைச்சுவை சரியான இடத்தில் விழுவது, அடிக்குறிப்பு கதைக்குக் குறுக்கே வந்து நிற்பது. அதெல்லாம் திருத்தித் திருத்தி வருவது. பதினேழு வயதில் எழுத ஆரம்பித்த ‘த கார்பெட் பீப்பிள்’ 1971இல் வெளிவந்தது. பேர் வந்தபின் மறுபதிப்புக் கேட்டார்கள். பழையதை அப்படியே விட மனமில்லாமல் திரும்ப எழுதி 1992இல் போட்டார். ஏற்கெனவே அச்சான புத்தகத்தையே விடாதவர், அரைகுறையை விடுவாரா?

மைக்கூடு:
சரி, அப்படியானால் ‘த ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’? ஆமை மேல் நாலு யானை, அதன் மேல் தட்டை உலகம் என்று 1983இல் தொடங்கிய டிஸ்க்வேர்ல்டு வரிசையின் 41ஆவது, கடைசி நாவல். அவர் போன பிறகுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் மேலும் எழுதியிருப்பார் என்று பின்னுரையில் வில்கின்ஸே சொல்கிறார். அதை வாங்கிப் படித்து அழுதோம் இல்லையா? அதற்கு ஒரு நீதி, ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நீதியா?

சாம்பல்பூனை:
அந்தப் புத்தகமே என் கட்சிக்குச் சாட்சி. (படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

சூனியக்காரக் கிழவி வெதர்வாக்ஸ் ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறாள். ஆனால் தன் மனத்தைத் தன் பூனைக்குள் வைத்துவிட்டாள் என்று கடைசியில் தெரிய வேண்டும். அதுதான் பிராட்செட் நினைத்திருந்த திருப்பம் என்று கெய்மன் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சி எழுதப்படவேயில்லை. பூனை கதை நெடுக நடமாடுகிறது, ஆனால் எதற்கென்று புரியாமல். முழு வடிவம் இருந்த நாவலுக்கே இந்தக் கதி என்றால் மற்றவை?

ஆமைவாசி:
நோயைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2007 டிசம்பரில் தனக்கு அரிய வகை அல்சைமர் என்று அறிவித்தார். மூளையின் பின்பகுதியைத் தின்னும் வகை. நினைவை விடப் பார்வையையும் கைவேலையையும்தான் முதலில் கெடுக்கும். தட்டச்சு போனது. வாயால் சொல்லச் சொல்ல வில்கின்ஸும் பேச்சறி மென்பொருளும் பதிவு செய்தார்கள். அப்படியே ஏழு வருடத்தில் ‘நேஷன்’, ‘ஸ்னஃப்’, ‘டாட்ஜர்’ என்று தொடர்ந்து புத்தகம் போட்டார். எதை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்ற முடிவு ஒன்றுதான் கடைசிவரை அவர் கையில் இருந்தது. அதையும் நாம் பிடுங்க வேண்டுமா?

மைக்கூடு:
இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. சத்தமில்லாமல் அழித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நசுக்கியதைக் கொண்டுபோய் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்களே, அது விளம்பரம் இல்லையா?

கடைசிபெஞ்ச்:
ஊரறிய அழித்ததில் லாபம் உண்டு. நாளைக்கு எவனும் “பரணில் கிடைத்த பிராட்செட் நாவல்” என்று கிளம்ப முடியாது. மகள் ரியானாவும் தான் தொடர்ந்து எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். கதவை இழுத்துச் சாத்தினால் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

மைக்கூடு:
சாத்திய கதவு 2023இல் திறந்ததே! ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் த பென்’, இருபது கதைகள். 1970, 80களில் பத்திரிகையில் எழுதியவை. பெரும்பாலும் பேட்ரிக் கெர்ன்ஸ் என்ற புனைபெயரில். ரசிகர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடி எடுத்தார்கள். தன் பெயரே போட்டுக்கொள்ளாத கதைகளை அவர் பெயரில் விற்கலாமா? சாம்பல்பூனை, உங்களிடம் அந்தப் புத்தகம் இருக்கிறதா, இல்லையா?

சாம்பல்பூனை:
இருக்கிறது. வந்த வாரமே வாங்கினேன்.

ஆனால் அது அச்சாகி, காசு வாங்கி, வாசகர் கைக்குப் போன எழுத்து. பதினேழு வயதில் பள்ளியை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர் அவர். அச்சுக்குப் போனது ஊர்ச்சொத்து, மேசையில் கிடப்பது தன் சொத்து என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

மைக்கூடு:
ஊகம் உங்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. கதைகள் எப்படி?

சாம்பல்பூனை:
நாலு நன்றாக இருக்கின்றன. மற்றதில் அவர் இன்னும் வந்து சேரவில்லை.

மைக்கூடு:
அந்த நாலுக்காகத்தான் நானும் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருக்கிறேன்.